முகமில்லாத மாதங்கள்

நவம்பர் பிறந்தால் இந்தச் சந்தியில்
யாருக்கும் முகமில்லை.
தொப்பி, மஃப்ளர், மூக்குவரை ஏறிய ஜிப்,
வாய் இருக்குமிடத்தில் ஒரு புகை.
வின்னிபெக்கில் இது எனக்கு ஒன்பதாவது குளிர்காலம்.
வண்டிகளை மறிக்கும் பலகையோடு
சார்ஜென்ட் தெருவின் நடுவில் நிற்கிறேன்.
நடையை வைத்துத்தான் ஆளைத் தெரியும்.

மருந்துக்கடை ஈவாவின் வலப்பாதம்
தரையில் சப்பென்று விழும்.
சப்பாத்து பெரிதாக்கும் என்று நினைத்தேன்.
சமதரையிலும் படியேறுகிறவள்போல்
முழங்காலை உயர்த்துவாள்.
விரல் நுனி தானாக எழும்பாததால்
முழங்கால் அதற்கும் சேர்த்து உழைக்கிறதென்று
விளங்க எனக்கு இரண்டு குளிர்காலம் எடுத்தது.

தபால்காரன் பையில்லாத நாளிலும்
பைக்குச் சாய்ந்தே போவான்.
ஞாயிறு பூசைக்கும் அதைக் கொண்டுபோகிறான்,
தோளுக்குள்.

குதிக்காலை நிலத்தில் வைக்காத பிள்ளை ஒன்று.
விளையாட்டு என்றாள் தாய்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கார்களை நிறுத்துவதுதான் என் வேலை.

பிறகு டெல்ஃபின்.
மகள் மரிசெல்லை வலக்கையில் பிடித்தபடி
எட்டு இருபதுக்கு வருவார்.
திரும்பிப் போகையில் இரண்டும் வெறுங்கை.
அப்போதுதான் கண்டேன்.
வலது முன்னும் பின்னும் ஆட,
இடது, யாரோ விலாவோடு சேர்த்துத் தைத்துவிட்ட
சட்டைக்கைபோல் கிடந்தது.
குளிராக்கும்.
குளிரென்றால் இரண்டு கையும் அல்லவா பைக்குள் போகும்?

ஜனவரியில் புதுப்பனி விழுந்த காலை
அவர் போன தடத்தைப் பார்த்தேன்.
வலப்பாதம் தூக்கி வைத்த குழிகள்.
இடப்பாதத்தின் குழிகளுக்கிடையே
ஒரு மெல்லிய கோடு,
பென்சிலைத் தூக்காமல் இழுத்ததுபோல்.
ஒன்பது மணிக்கு மாநகர வண்டி வந்து
அதை வழித்துக்கொண்டு போனது.
சாட்சிக்கு நான் மட்டும்.

எப்படிச் சொல்வது?
என்னுடையது ஆரஞ்சுக் கோட்டு, வெள்ளை அல்ல.
என் ஆங்கிலம் இந்தச் சந்தியின் அகலம்தான்:
நில், வா, வழுக்கும், நல்ல நாள்.
பதினொரு நாள் பலகையை உயர்த்தினேன், இறக்கினேன்.
பன்னிரண்டாம் நாள், நடுத்தெருவில்,
இரு பக்கமும் கார்கள் உறுமி நிற்க,
"உங்கள் இடக்கை ஏன் நடக்கவில்லை?" என்று
கேட்டேவிட்டேன்.

கையா நடக்கும் என்று சிரித்தார்.
ஒரு ஹாரன் அடித்தது.
சிரிப்பு தீர்ந்தபின் கையைக் குனிந்து பார்த்தார்,
பேருந்தில் யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல்.
"பொத்தான் போட ஏன் இவ்வளவு நேரமென்று
மனைவியும் கேட்டாள்."

மூன்று கிழமை மனைவிதான் பிள்ளையைக் கொண்டுவந்தாள்.
வேகமான நடை, நடுநடுவே நிற்கும்,
பின்னால் யாரோ வருவதுபோல்.

மார்ச்சில் அவரே வந்தார்.
"ஊசியில்லை, ஒன்றுமில்லை.
நீளமான நடைக்கூடம். போய் வாருங்கள் என்றார் டாக்டர்.
நாலு முறை நடந்தேன்.
பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்."
அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மரிசெல் இப்போது பக்கம் மாறிவிட்டாள்.
இடக்கையைப் பிடித்து, பள்ளி வாசல்வரை
முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே போகிறாள்.
அவளிடம் யாராவது சொன்னார்களா தெரியாது.

ஒருநாள் அவர் திரும்பி நின்று,
"நீங்கள் அடியெடுக்கும்போது
இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறதே," என்றார்.
"குளிர்," என்றேன்.
அன்று மருந்துக்கடைக் கண்ணாடியில்
ஆரஞ்சுக் கோட்டுக்காரி ஒருத்தி
பலகையின் பக்கம் சரிந்து போனாள்.
அவளை எனக்குத் தெரிந்தவள் என்று
சட்டென்று ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஏப்ரலில் முகங்கள் திரும்பி வந்தன.
தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று
ஒருவர் எனக்குக் கையசைத்துச் சிரித்தார்.
நல்ல முகம். யாரென்று பிடிபடவில்லை.
பலகையை உயர்த்திக் காத்திருந்தேன்,
அவர் நடக்கத் தொடங்கட்டும் என்று.