இரட்டை பிரேக்

படிவத்தில் பெயர் பார்த்தேன்: மா யூ-ரிம்.
வயது நாற்பத்து நான்கு. கண்ணாடி உண்டு.
முன் அனுபவம் இல்லை.
எப்படி இருக்கும்?
பதினாறு வயதிலிருந்து அவளை
யாரோ வேனில் ஏற்றினார்கள்,
யாரோ இறக்கிவிட்டார்கள்.

சூவோன் நகரின் விளிம்பில்
வெங்காய வயலை மூடிப் போட்ட தார்த்தளம்,
எங்கள் ஓட்டுநர் பள்ளி.
மஞ்சள் கார். என் காலடியிலும் ஒரு பிரேக்.
அவள் என்னைப் பார்த்தாள், சீட் பெல்ட்டைப் பார்த்தாள்,
மறுபடி என்னை.
"லெமன் ஹவர்," என்றாள். "மூன்றாவது பெண்."
பெயர் வரவில்லை. பரவாயில்லை,
எங்கள் கம்பெனிக்கே அது எப்போதாவதுதான் வந்தது.

தம்பியின் சோயாக்கட்டிப் பட்டறைக்கு
லாரி ஓட்ட ஆள் வேண்டுமாம்.
டயல் டோன் தலைவி
கியரைப் பாம்பைத் தொடுவதுபோல் தொட்டாள்.

கணக்கு எனக்கு மனப்பாடம்.
அவர்கள் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கேசட்.
நாங்கள் மூன்று லட்சத்துப் பதினோராயிரம்.
தூக்கம் வராத இரவுகளில்
அந்த இருபத்தொன்பதாயிரம் வீட்டுக் கதவுகளையும்
ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறேன்.

அந்த டிசம்பர் மேடையில்
உறையைப் பிரிக்கும் முன்பே
என் முகம் கைதட்டப் பழகியிருந்தது.
வெளியே, வெள்ளை மழைக்கோட்டு அணிந்த அவர்கள் ரசிகைகள்
எங்கள் வேன் கண்ணாடியில்
உதட்டுச்சாயத்தால் எழுதினார்கள்: இரண்டு.
டிரைவர் துடைக்கத் துடைக்க
அது பெரிதாகிக்கொண்டே போனது.

இன்னும் சில மேசைகளில் இந்த வழக்கு முடியவில்லை.
போன மாதம் என் கணவரின் ஆபீஸ் விருந்தில்
ஒருவர் குரல் என்றார், ஒருவர் ஆட்டம் என்றார்,
டயல் டோன் இல்லாவிட்டால் இன்றைய பெண்கள் யாருமில்லை என்று
கணக்குப் பிரிவு மேலாளர் கண் கலங்கினார்.
தீர்ப்பு என்னிடம் கேட்கவில்லை.
இறைச்சியைத் திருப்பிப் போடச் சொன்னார்கள்.

வென்றதற்கு என்ன மிஞ்சியது?
ஒரு ஷாப்பிங் மால் வாசலில்
வெண்கலத்தில் பதித்த ஐந்து ஜோடிக் கைகள்.
மால் இடிபட்டபோது எங்கே போயினவோ.
"எடைக்குப் போட்டிருப்பார்கள்," என்றாள்
ரிவர்ஸ் கியரைத் தேடிக்கொண்டே.

எங்கள் பாட்டு ஒன்று
பேஸ்பால் மைதானத்தில் பிழைத்துக் கிடக்கிறது.
வார்த்தைகளைக் கழற்றிவிட்டு
ஒரு குண்டு பேட்ஸ்மேனின் பெயரைச் செருகியிருக்கிறார்கள்.
பதினெட்டாயிரம் தொண்டை.
இது யார் பாட்டு என்று பக்கத்து சீட்டுப் பையனைக் கேட்டேன்.
"பாட்டா? இது கோஷம் அக்கா."
நானும் எழுந்து கத்தினேன்,
கையில் பொரித்த கோழியோடு.

ஆறாவது வகுப்பு. நிஜச் சாலை. இடது திருப்பம்.
இண்டிகேட்டர் டிக், டிக்.
அவள் விரல் ஸ்டியரிங்கில் தட்டியது,
என் முழங்கால் எனக்குச் சொல்லாமல் சேர்ந்துகொண்டது.
"இரண்டாவது சரணத்தில்," என்றாள்
கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்,
"இடது பக்கம் திரும்பும்போது
நீ எப்போதும் அரை மாத்திரை பின்தங்குவாய்.
வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.
முதலில் பிழை என்று நினைத்தேன்.
அப்புறம் ஒரு மாதம் அதையே பழகினேன்.
எனக்கு வரவில்லை."

என் அம்மா அதைப் பார்த்ததில்லை.
நடன மாஸ்டர் பார்த்ததில்லை.
மூன்று லட்சத்துப் பதினோராயிரம் பேரில்
ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.
கணுக்காலில் பழைய சுளுக்கு, அவ்வளவுதான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

பச்சை அம்பு விழுந்தது. கார் குலுங்கி அணைந்தது.
"க்ளட்ச்," என்றேன்.
"தெரியும்," என்றாள், தெரியாமல்.
பின்னால் முட்டைக்கோஸ் லாரிக்காரன்
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
யார் முதல், யார் இரண்டாவது என்று பாராமல்
எங்கள் இருவரையும் சேர்த்தே திட்டினான்.