ஆறு தட்டுகள், காலி

கேட் பாஸில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார் சூப்பர்வைசர்:
வளைந்த தட்டு, ஆறு. காலி.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்த ஏழேகால் மணி.
காவலுக்கு நின்ற குருங்
ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.
ஒன்றுமில்லாததை எதற்கு எடுத்துப்போகிறாய் என்று
மலாயில் கேட்டார்.
படைவீரர்கள் இருக்கிறார்கள், படுக்க இடமில்லை என்றேன்.
கையெழுத்துப் போட்டார்.

அரை மில்லிமீட்டர் கோணினாலே
இயந்திரம் துப்பிவிடும் தட்டுகள் இவை.
சிப்பு வைக்க லாயக்கில்லை.
ஆனால் என் அட்டைச் சதுரங்கள்
அளவு ரவிக்கை கொடுத்துத் தைத்ததுபோல்
குழிக்குள் இறங்கின.
தட்டுக்கு நூற்றிருபது குழி.

அதற்குமுன்
அப்பாவின் மாத்திரை டப்பாவை எடுத்திருந்தேன்.
ஞாயிறில் பீரங்கி, திங்களில் காலாட்படை.
ஒரு புதன்கிழமை
தண்ணீர் டம்ளரோடு அவர்
ஒரு தளபதியை விழுங்கப் பார்த்தார்.
டப்பா திரும்பிப் போய்விட்டது.

மொத்தம் எண்ணூற்று நாற்பது சதுரம்,
ஒவ்வொன்றின் மூலையையும் நகவெட்டியால் நறுக்கியது நான்.
ஆறு தட்டு நிறைந்தபின்
பனி, சேறு, பசி என்று அச்சடித்த நூற்றிருபது
மைலோ டின்னிலேயே தங்கின.
யாருடையதோ ஒரு பழைய போர், பனிக்காலத்தில் நடப்பது.
ரெலாவ் பிளாட்டில், பதினேழாம் மாடியில்
கட்டைவிரல் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும் குதிரைகளை
உதறி உதறித்தான் நகர்த்த வேண்டும்.
காகிதம் பறக்குமென்று
மின்விசிறியும் போடவிடமாட்டான் தியோ.

அந்த வெள்ளிக்கிழமை
சுமத்ரா பக்கம் பூமி புரண்டு படுத்தது.
முதலில் தொங்கிய விளக்கு. பிறகு கோப்பி.
பிறகு நாங்கள்,
முப்பத்துநான்கு வளைவுப் படிகள்,
செருப்பில்லாமல்.
அப்பா முன்னால் இறங்கினார், மாத்திரை டப்பாவோடு.
கீழே, கார்களுக்கு நடுவில்,
பன்னிரண்டாம் மாடிக்காரி புறாக்கூண்டைப் பிடித்திருந்தாள்.
ஒருவர் துண்டோடு நின்றார், தலையில் ஷாம்பு நுரை.
அப்போதுதான் பார்த்தேன்
என் கையில் ஒரு தட்டு.

பாஸ்போர்ட் இல்லை, பர்ஸ் இல்லை.
ஆட்டத்தில் செத்தவர்களைப் போட்டுவைக்கும் தட்டு.
பதினேழு மாடி இறங்கியும்
ஒருவரும் இடம் மாறவில்லை.

மேலே போனபோது
வரைபடம் சரிந்து பாதி தரையில் கிடந்தது.
ஆற்றைத் தாண்டிவிட்டேன் என்றான் தியோ.
கரைக்கே வரவில்லை என்றேன் நான்.
அவன் நினைவில் அவன் படை ஒரு கட்டம் முன்னால்,
என் நினைவில் என்னுடையது.
பதினொரு மணிவரை சத்தம்.
இருவரும் ஒத்துக்கொண்டது
அந்த ஒரு தட்டை மட்டும்தான்:
இவன் செத்தான், ஆமாம்.
இவனும், ஆமாம்.
இந்தப் பீரங்கி உன்னுடைய மடத்தனத்தால், சரி, ஆமாம்.

எண்ணி அடுக்கினோம்.
ஒரு குழி மிஞ்சியது.
சோபாவுக்கு அடியில் இல்லை,
அப்பாவின் வெள்ளிக்கிழமையிலும் இல்லை.

திங்கள் இரவு
தொழிற்சாலையில் உடைமாற்றும் அறையில் காலணியைக் கழற்றினால்
உள்ளே ஒரு குதிரைப்படை.
அட்டைத் துகள் ஒன்று போதும்
ஒரு லாட் முழுக்கக் கெட.
தூய அறை உடையில் பையும் கிடையாது.
லாக்கரில் சாவிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

காலை ஏழேகால்.
இன்றைக்கு என்ன என்றார் குருங்.
காட்டினேன். சீட்டு இல்லை என்றேன்.
உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கத்தில் எண் பாதியாக இருந்தது.
அடிபட்டால் அந்தப் பக்கம் என்றேன்.

இரவெல்லாம் நின்ற காலை
மாற்றி ஊன்றிக்கொண்டார்.
முன்பக்கம் மேலே தெரிகிற மாதிரி
திருப்பிக் கொடுத்தார்.