இரண்டாவது ரோபோட்

டர்பனுக்கு வந்த முதல் வாரம்
தேஷ்னி போனில் வழி சொன்னாள்:
ஸ்பார்க்ஸ் ரோட்டில் நேரே போ,
இரண்டாவது ரோபோட்டில் இடது பக்கம்.
(அவளிடம் மிஞ்சியிருக்கும் தமிழ்
சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும்.
இதை ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.)

கடை வாசலில் ஏதோ இரும்பு பொம்மை
கைநீட்டி நிற்கும் என்று
மூன்று முறை சுற்றினேன்.
டயர் கடை. ஹலால் கோழி. சவ அடக்க நிலையம்.
மறுபடி கூப்பிட்டதும் சிரித்தாள்.
சிவப்பு மஞ்சள் பச்சை, அதுதான்.
இந்த நாட்டில் சிக்னலுக்கு அப்படிப் பெயர்.

அதன் காலடியில் தினமும் ஒருவன்,
பச்சை ரக்பி பனியன், செருப்பு ஜோடி சேராது.
வீட்டுக்கு அனுப்பிய செய்தியில் எழுதினேன்:
"ரோபோட்டுக்குக் கீழே
வெட்டியாய் ஒருத்தன் நிற்கிறான்."

தூக்கம் வராத ஓர் இரவில் அகராதி.
எங்கோ குளிர்நாட்டுச் சொல்லாம்.
பண்ணையாருக்குக் குடியானவன்
கூலியின்றிக் கொடுக்க வேண்டிய நாட்கள்.
பிறகு நாடக மேடையில் ஏறி
இரும்புச் சட்டை போட்டுக்கொண்டது.

நம்மிடம் இதற்கென்ன சொல்?
ஏரிக்கும் வாய்க்காலுக்கும்
ஊரை இழுத்துவந்து வாங்கிய வேலையைக்
கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்:
வெட்டி.

அது எப்போது
சும்மா நிற்பவனின் பெயரானது?
உழைத்தவன் கையில் ஒன்றுமில்லாததைப் பார்த்து
அவன் ஒன்றுமே செய்யவில்லை என
யாரோ முடிவு கட்டியிருக்க வேண்டும்.

தேஷ்னியின் பூட்டன் கரும்பு வெட்டியவர்.
அவருக்குக் கூலி உண்டு, மாதம் பத்து ஷில்லிங்.
அதையே பெயராகவும் வைத்தார்கள்,
வசவாக.

வியாழன் மாலை, மின்வெட்டு.
ரோபோட்டின் மூன்று கண்ணும் அவிந்திருந்தன.
நான்கு சாலையும் மூக்கோடு மூக்கு முட்ட,
மினிபஸ் டாக்சிகள் ஊளையிட,
நடுவில் பச்சைப் பனியன்.
இடது உள்ளங்கை ஒரு லாரியை நிறுத்தியது.
வலது கை பள்ளிக்கூட வேனை அழைத்தது.
யாருக்கும் அஞ்சாத டாக்சிக்காரர்களே
அவன் விரலுக்குக் காத்திருந்தார்கள்.

என்னைப் பார்த்தான். உள்ளங்கை.
நின்றேன்.

கண்ணாடியை இறக்கி ஐந்து ராண்ட் நீட்டினேன்.
அவனுடைய இரண்டு கைகளும்
வேலையில் இருந்தன.
பெயரைக் கேட்டேன்.
"பெகானி," என்றான், திரும்பாமல்,
போ போ என்று விரலசைத்து.

பின்னால் ஹாரன்.
காசு உள்ளங்கையில் வியர்க்க
இடது பக்கம் திரும்பினேன்.