விலை பேசலாம்

விளம்பரத்தில் நான் போட்டது இவ்வளவுதான்:
திருமணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம்.
காரைக்குடியைச் சுற்றி முப்பது கிலோமீட்டர்.
விலை பேசலாம்.

அந்தக் கடைசி இரண்டு சொல்லைப்
போட்டிருக்கக் கூடாது.

ராத்திரி பதினொன்றே காலுக்குச் செல்போன் மினுங்கும்.
'லாஸ்ட் ரேட்?'
பேரில்லை, ஊரில்லை, என்ன விசேஷம் என்றுமில்லை.
பன்னிரண்டாயிரம் என்றேன்.
'நாலு?'
எந்த ஊரில் கல்யாணம் என்று கேட்டேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.
அதற்குப் பிறகு ஆளே இல்லை.

பழைய ஃப்ளாஷை விற்கப் போட்டபோது
ராணுவ அதிகாரி ஒருவர் பேசினார்.
எல்லையில் இருக்கிறாராம், நேரில் வர முடியாதாம்,
பணம் வந்து சேர இந்தக் கட்டத்தை
ஸ்கேன் செய்தால் போதுமாம்.
செய்தேன்.
என்னிடமிருந்த இரண்டாயிரத்து இருநூறு
எல்லைக்குப் போனது.
ஃப்ளாஷ் இன்னும் அலமாரியில் இருக்கிறது,
பேட்டரி கசிந்து.

பிறகுதான் கண்டனூரிலிருந்து நாச்சம்மை கூப்பிட்டார்.
'கல்யாணமெல்லாம் இல்ல தம்பி.
வாஷிங் மிஷின் விக்கணும்.
நான் எடுத்தா அழுதுகிட்டு நிக்கிற மாதிரி இருக்கு.'
ஸ்கூட்டரில் போனேன்.
இரண்டு பேராக வளவுக்குள் இழுத்து வைத்தோம்.
பத்தரை மணி வெயில் வானத்திலிருந்து
நேராக அதன் மூடியில் இறங்கியது.
இருபது வருஷத்தில் ஒரு மணப்பெண்ணுக்கும்
எனக்கு அப்படி வெளிச்சம் கிடைத்ததில்லை.
இரண்டே நாளில் விற்றுப்போனது.

அதிலிருந்து இதுதான்.
கிரைண்டர். கட்டில். கொட்டகைச் சாமான்.
ஓட்டாத சைக்கிள், ஓடாத ஏசி.
கோட்டையூரில் ஒரு கிடா,
வாங்குகிறவன் பல்லைப் பார்த்துத்தான் வயசு சொல்வான் என்றார்கள்.
சிரிக்கச் சொல்லிப் பார்த்தேன்.
என் சாம்பல் நிறத் திரையின் ஓரத்தை
ஒரு சாண் தின்றுவிட்டு
வாயைத் திறந்தது.
அந்தப் படம்தான் தேறியது.

ஆவணியில் ஒரு மத்தியானம்
ஜபருல்லா வந்தார், புதுவயல்காரர்.
எட்டு வருஷமாக ஒரே மண்டபங்களில் சுற்றுகிறோம்.
நான் சொன்ன விலையில் ஆயிரம் குறைத்து
என் முகூர்த்தங்களைக் கொண்டுபோனவர்.
சாப்பாட்டுப் பையில் துண்டு சுற்றி
ஒரு கேமரா வைத்திருந்தார்.

'லைட்டு வித்தேன், ஸ்டாண்டு வித்தேன், டிரோன் வித்தேன்.
எல்லாத்தையும் இதாலதான் எடுத்துப் போட்டேன்.
இதை எதை வச்சு எடுக்கிறது?'

மேசையில் வைத்துத் துடைத்தேன்.
ஷட்டர் எண்ணிக்கை இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம்.
கண் வைக்கிற ரப்பர் இடுக்கில்
யார் வீட்டு அட்சதையோ, மஞ்சள்.
அதை எடுக்காமல் விட்டேன்.

'கீறல் தெரியட்டுமா?'
'தெரியட்டும். வர்றவன் எப்படியும் பாப்பான்.'
'காரணம் என்ன போட?'
'எல்லாரும் போடுறதுதான்.
வெளிநாடு செல்வதால்.'
'எந்த நாடு?'
'நம்ம ரைஸ் மில்லுதான். கணக்கு எழுதக் கூப்பிட்டிருக்காக.'

ஐந்து படம் எடுத்தேன்.
எவ்வளவு என்றார். ஐந்நூறு என்றேன்.
'லாஸ்ட் ரேட்?' என்றார்.
இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது,
ஆனாலும் இருநூற்றைம்பதுதான் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

நாற்பது என்று போட்டிருந்தார். பிறகு முப்பத்தாறு.
நேற்றுப் பார்த்தேன், முப்பத்தொன்று.
அப்போதுதான் கவனித்தேன்.
முதல் படத்தில், லென்ஸ் கண்ணாடிக்குள்
உளுந்தளவு நான்
குனிந்து நிற்கிறேன்.
பின்னால் என் கடைக்கதவு, தெரு,
அவருடைய ஸ்கூட்டர்.

தொழிலில் இது தப்பு.
போன் பண்ணி, மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன்.

ஆலை இரைச்சலுக்கு மேலே கத்தினார்:
'இருக்கட்டும்ங்க.
உள்ள ஒரு ஆளு நிக்கிறாப்புல இருந்தா
நம்பிக் கேப்பாக.'