பொது உதிரி

சோஹார் துறைமுகச் சாலையில்
மீன் குளிர்க்கிடங்குக்குப் பின்னால் சர்வர் அறை.
ஆகஸ்ட். வெளியே இரவு ஒரு மணிக்கும்
கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வைக்கும் புழுக்கம்.

ஏழு டிஸ்க்குகள்.
நான்கு கேமராக்களுக்கு.
இரண்டு சம்பளத்துக்கு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும்.
ஏழாவது யாருக்கும் இல்லை,
மூன்று வருடமாகச் சுற்றுகிறது
ஓர் எழுத்துகூட எழுதாமல்.
அதன் நெற்றியில் ரெமிஜியுஸ் ஒட்டிய பட்டை:
'பொது உதிரி. எது விழுந்தாலும் இது போகும்.'

அவரும் அப்படி வந்தவர்தான்,
லீவில் போனவருக்கு மூன்று மாத ரிலீவர்.
பதினோரு வருடம் இருந்தார்.
விசா புதுப்பிக்கும் மெடிக்கலில்
எக்ஸ்ரேயில் ஏதோ பழைய தழும்பு.
அன்ஃபிட்.
குளச்சலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம்.
மூச்சு வாங்காமல்தான் போனில் பேசுகிறார்.

ஒன்று பத்துக்குக் கேமரா வரிசையில் மூன்றாவது விழுந்தது.
யூ யூ கோடு யூ என்றது திரை.
யாரையும் கேட்காமல் உதிரி எழுந்து போய்
அந்தக் கோட்டில் உட்கார்ந்தது.
மற்ற மூன்றும் சொல்லச் சொல்ல
செத்தது வைத்திருந்ததைக் கூட்டிக் கழித்து
எழுதத் தொடங்கியது:
ஃப்ரீசர் கதவு. ஃப்ரீசர் கதவு.
பூனை.
ஃப்ரீசர் கதவு.

டீ போட்டுக்கொண்டேன்.

மூன்று இருபதுக்குச் சம்பளத்தில் ஒன்று
டக் டக் டக் என்றது.
பல்லி சொன்னால் பலன் பார்க்கலாம்.
இருநூற்றுப் பதினாறு பேரின் கணக்கு இனி ஒற்றை டிஸ்க்கில்,
அதுவும் அதே பெட்டியில் வந்த கூட்டாளி.
ஞாயிற்றுக்கிழமை எடுத்த நகல் இருக்கிறது,
அதற்குப் பிறகான நான்கு இரவு ஓவர்டைம் அதில் இல்லை.
புது டிஸ்க் கேட்டு ஜூனில் அனுப்பிய மனு
மஸ்கட்டில் ஒரு கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

உதிரியை இந்தப் பக்கம் கொண்டுவரலாம்.
ஆனால் வேலையில் இருப்பதைச் சும்மா உருவ முடியாது,
முதலில் பழுது என்று அறிவிக்க வேண்டும்.
முப்பத்தெட்டு டிகிரி, ஒரு செக்டர்கூடக் கெடாத டிஸ்க்.
கட்டளையை அடித்துவிட்டு
என்டரின் மேல் விரலை வைத்திருந்தேன்.
அந்த முத்திரையைக் குத்தியவருக்கும்
கை இப்படி நின்றிருக்குமா?
தெரியாது. வரிசை நீளமாக இருந்திருக்கும்.

அழுத்தினேன்.

ஏசி பார்க்க வந்த குல்சமீர்
சிவப்பு விளக்கைக் காட்டி 'கராப்?' என்றான்.
'நஹி,' என்றேன், 'காகிதத்தில் மட்டும்.'
அவனுக்குப் புரிந்தது மாதிரிதான் இருந்தது.

பிறகு செத்ததை இழுக்க வேண்டும்.
சீரியல் எண்ணின் கடைசி நான்கை
மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன்.
பக்கத்தில் இருந்ததை இழுத்தவர்கள்
இப்போது வேறு வேலை பார்க்கிறார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு யூ யூ.
கோப்பு வங்கிக்குப் போனது.
ஃப்ரீசர் கதவை இன்னும் மூன்று பேர்தான் பார்க்கிறார்கள்,
நான்காமவன் பார்த்திருக்கக்கூடியதை
ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள்.
பட்டையை உரித்துக்
காலிக் குழியின் மேல் ஒட்டினேன். சரியாக ஒட்டவில்லை.

மதியம் ரெமிஜியுஸுக்குப் போன் போட்டேன்.
'உதிரி போயிடுச்சு அண்ணே.'
'எந்தப் பக்கம்?' என்றார்.