எழுநூறு மெகாபைட்

மூர்மான்ஸ்க், ஜனவரி. பகலிலும் விளக்கு.
மூன்றாம் முறையாக
டிவிடியைச் செருகுகிறாள் கிளாஃபீரா.
ரதியோனின் பனியுடைப்புக் கப்பலில்
இருப்பது ஒரே கணினி;
அது சிடி மட்டும்தான் தின்னும்.

நாலு ஜிபி எழுநூறுக்குள் அடங்க வேண்டும்.
பிட்ரேட்டைக் குறைத்தாள்:
பனித்தளம் கட்டம் கட்டமாய் உடைந்தது,
மகளின் சறுக்குக் காலணிக்குப் பின்னால்
சாம்பல் நிறத்தில் ஒரு இழுப்பு.
நடுவர்களை வெட்டினாள்.
ஊரார் பிள்ளைகளை வெட்டினாள்.
பிறகு, கொஞ்சம் தயங்கி,
அவள் விழுந்ததையும்.

"நான் விழுந்தது எங்கே?"
வாயில் பற்பசை நுரையோடு ஊஸ்தின்யா.
"அப்பாவுக்கு எதுக்கு அது?"
"போன்ல சொல்லிட்டேன், ரெண்டு தடவைன்னு.
எண்ணிப் பார்ப்பார்."

திரும்ப ஒட்டினாள்.
பதினொரு மெகாபைட் அதிகம்.
ஸ்டீரியோவை மோனோ ஆக்கினாள்;
அரங்கத்துக் கைதட்டல் முழுக்க
காட் மீன் பொரிகிற சத்தமாயிற்று.

இன்னும் ஐந்து மணி நேரம் என்கிறது திரை.
சற்றுமுன் நான்கு என்றது.
ஏழுக்குக் கப்பல்.
மீதமிருக்கும் ஒரே வெற்று சிடியின் முதுகில்
மகள் மார்க்கரால் எழுதுகிறாள்:
பன்னிரண்டாம் நிமிடம்.
பதினாலாம் நிமிடம்.