உள்ளங்கை நடுவில்

பள்ளத்தூரில் அந்தப் பெரிய வீட்டை
மூன்று நாள் வாடகைக்கு எடுத்திருந்தீர்கள், பிரதர்.
முகப்பின் மேலே சுதையில் செய்த இரண்டு சிப்பாய்கள்,
அவர்கள் துப்பாக்கிகளுக்கு நடுவே உங்கள் படம்.
காணிக்கைக்காரர்களுக்குக் கல்யாணக் கொட்டகையில் ஏசி.
எங்களுக்கு வளவில் பாய்.

புதுவயலிலிருந்து பஸ் மாறி வந்திருந்தேன்,
தலைமுடியில் மில் தவிட்டோடு.
கையில் பிலேந்திரன், ஏழு வயது.
அவன் காதுக்குப் பின்னால்
சிவகங்கை முகாமில் கொடுத்த மிஷின்,
என் அரை வருஷ அலைச்சல்.

அதை நீங்களே கழற்றினீர்கள்.
இனி வேண்டாம் என்றீர்கள்.
டிரம் முழங்கியது.
"கேட்குதா தம்பி?" மைக்கில் கத்தினீர்கள்.
அவன் தலையாட்டினான்.

அல்லேலூயா தூண்களில் மோதித் திரும்பியது.
எனக்குத் தெரியும்:
செருப்பில்லாத கால், ஆத்தங்குடிக் கல்.
டிரம்மின் அதிர்வு தரை வழியே
முழங்கால் வரை ஏறியிருக்கும் அவனுக்கு.
காலால் கேட்டான், பிரதர்.
நான் வாயைத் திறக்கவில்லை.
மூக்குத்தியைக் கழற்றி
உங்கள் பையில் போட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைத்தான் முதலில் சொன்னேன்.
பத்தொன்பது நாள் நம்புகிறவளாய் நடித்தேன்.
முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்,
திரும்பாவிட்டால் விளையாட்டுப் புத்தி என்பேன்.

இருபதாம் நாள், மில் களத்தில்
லாரி பின்னோக்கி வந்தது.
ஹாரன். கிளீனரின் கத்தல்.
நெல் கிளறிய பெண்கள் அத்தனை பேரும் கத்தினோம்.
புறாக்கள் மொத்தமாய் எழுந்து பறந்தன.
அவன் குந்தியிருந்து
கருக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
மேலே நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தான்.
ஒரு முழம்.
ஒரே ஒரு முழம்.

கருக்காய் தெரியுமா உங்களுக்கு?
அதே நிறம், அதே மூக்கு, அதே மினுக்கம்.
குவியலில் கிடந்தால் நெல்தான்.
புடைக்கும்போது முறத்தின் நுனிக்கு
முந்திக்கொண்டு ஓடிவரும்.
பதினோரு வருஷமாய்ப் புடைக்கிறவள் நான்.
எனக்கே பத்தொன்பது நாள் ஆனது.

மிஷினைக் கேட்டு வந்தபோது
உங்கள் ஆள் வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்:
"நீ சந்தேகப்பட்டாய், சுகம் திரும்பிப் போயிற்று."
அப்போதுதான் அந்த மூன்று நாளையும்
மனதில் கூட்டிப் பார்த்தேன்.
வீடு, கார், விசா, கடன் தீர்வு,
பேரேட்டில் எல்லா வரவும் இருந்தது.
ஒரு ஆணி இல்லை.
"அவரைச் சந்தேகப்படலீங்க" என்றேன்.
"உங்களைத்தான்."

என் தம்பி சந்தியாகு சிரித்தான்:
"எல்லாம் ஒரே கூட்டம்தான் அக்கா, விட்டுட்டு நிம்மதியா இரு."
கள்ள நோட்டு வாங்கி ஏமாந்தவள்
ரூபாயே பொய் என்று சொல்லலாமா?
சொல்லலாம் போலத்தான் இருந்தது.
சில ராத்திரி சொல்லியும் பார்த்தேன், கூரையைப் பார்த்து.

பிறகு ஒரு ஞாயிறு
எங்கள் தகரக் கோயிலுக்கே போனேன்.
பதினாலு பேர். ஒரே மின்விசிறி, அதுவும் சாமியார் பக்கம்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
பூசை முடிந்ததும் இரண்டு பேர் கேட்டார்கள்.

ஜூனில் பையனை விடுதிப் பள்ளியில் சேர்த்தேன்.
காலாண்டு விடுமுறைக்கு வந்தவன்
ஆண்டவரின் பெயரைக் கைகளில் கொண்டுவந்திருந்தான்.
நடுவிரலால் இந்த உள்ளங்கை நடுவில் தொட வேண்டும்,
பிறகு அந்த உள்ளங்கை.
பெயர் அவ்வளவுதான்.
காயத்தைத் தொடாமல்
அதைச் சொல்ல வழியே இல்லை.

விசுவாசப் பிரமாணத்தில்
பாடுகள் வரும் இடத்தை
எல்லாரும் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள்.
நானும் அவனும் பின்தங்கி விடுகிறோம்.
அவன் விரல் மெதுவானது,
என்னுடையது இன்னும் மெது.

புது மிஷினுக்கு மனு கொடுத்து ஐந்து மாதம்.
மூக்குத்தி இருக்கட்டும்.
அந்தப் பழையது உங்களிடம் கிடந்தால்
தபாலில் அனுப்புங்கள், பிரதர்.
அது இடது காதுக்கானது.